பாயிண்ட் டூ

2021 நவம்பரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது நான் மாடி அறையில் உட்கார்ந்து ஒரு விண்கப்பல் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சூரில் இருப்பவர்களுக்கு நவம்பர் என்றால் என்னவென்று தெரியும். வானம் கறுத்ததும் முதலில் பைக்கை மேடான தெருவில் கொண்டுபோய் நிறுத்துவோம். பிறகு கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, பத்திரம். அந்த மாதம் சென்னையில் 1000 மி.மீ.க்கு மேல் மழை பெய்தது. ஆபீஸ் வேலை வீட்டிலிருந்துதான். கரண்ட் போனால் அதுவும் இல்லை. கரண்ட் இல்லாதபோது செய்வதற்கு என்னிடம் இருந்த ஒரே வேலை இந்தக் கப்பல்.

கப்பலின் பெயர் விக் வைப்பர். 1985இல் கொனாமி வெளியிட்ட ‘கிரேடியஸ்’ என்ற ஆர்கேட் விளையாட்டில் நாம் ஓட்டும் விமானம் அது. பெயர் தெரியாவிட்டாலும் தொண்ணூறுகளில் டிவி கேம் வைத்திருந்தவர்களுக்குப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். முன்பக்கம் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நீளமான கொம்புகள், பக்கவாட்டில் இறக்கைகள், பின்னால் நிமிர்ந்த வால். என்னுடைய கேசட்டில் மரியோவுக்கும் கான்ட்ராவுக்கும் நடுவில் அது இருந்தது. ஆங்கிலப் பெயரைப் படிக்கத் தெரியாத வயதில் நான் அதை ‘ரெட்டை மூக்கு’ என்றுதான் சொல்வேன்.

கான்ட்ராவில் முப்பது உயிர் வாங்க ஒரு வித்தை உண்டு. மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ. எங்கள் தெருவில் திருக்குறள் தெரியாத பையன் இருந்தான், இது தெரியாத பையன் இல்லை. ஆனால் அந்த வித்தை கான்ட்ராவுக்காக உண்டானதில்லை. 1986இல் கிரேடியஸை வீட்டு டிவியில் ஆடும் கருவிக்கு மாற்றும் வேலை கஸுஹிஸா ஹஷிமோட்டோவிடம் வந்தது. சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் அவருக்கே ஆட்டம் கைகூடவில்லை. அதனால் தனக்காக ஒரு குறுக்குவழி எழுதிவைத்தார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்த வரிசையில் அழுத்தினால் விக் வைப்பருக்கு எல்லா ஆயுதங்களும் வந்துவிடும். அந்த வரிசை விளையாட்டிலேயே தங்கி, அங்கிருந்து கான்ட்ராவுக்கும் இன்னும் பலவற்றுக்கும் போனது. ஹஷிமோட்டோ 2020இல் இறந்தார். நான் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர். சோதிப்பவனால் தாண்ட முடியாத இடத்தில் பிறந்த ஒன்றுதான் எங்கள் தெருவின் மந்திரம் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

கிரேடியஸ் ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிரிகளைச் சுட்டால் சின்னச் சின்னக் குப்பிகள் விழும். ஒவ்வொன்றாகச் சேர்த்து வேகம், ஏவுகணை, லேசர் என்று வாங்கிக்கொண்டே போவோம். ஒரே ஒரு தடவை அடிபட்டால் போதும், அவ்வளவும் போய்விடும். உயிர் மிச்சம் இருக்கும். ஆனால் கொஞ்சம் பின்னால் தள்ளி, வெறும் கப்பலாக, ஆமை வேகத்தில், அதே எதிரிக் கூட்டத்துக்கு நடுவில் விடுவார்கள். செத்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

அந்த வருடம் ஆகஸ்டில் அப்பாவுக்கு பக்கவாதம் வந்தது. வலது பக்கம். பேச்சு பத்து நாளில் திரும்பிவிட்டது, நடை இரண்டு மாதத்தில். வலது கை மட்டும் வரவில்லை. தோள் தூக்கும், முழங்கை மடங்கும், ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டையைக் கொட்டி ஒவ்வொன்றாக இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றச் சொன்னார். அப்பா இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள், “இது என்னா, பல்லாங்குழியா? எடுத்துட்டுப் போ” என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

அப்பா ஃபிட்டர். தாம்பரம் எலெக்ட்ரிக் கார் ஷெட்டில் 34 வருஷம். 1978இல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு ஓடியது மீட்டர் கேஜ் மின்சார ரயில். 1931லிருந்து ஓடியது அது. தண்டவாளத்துக்குத் தண்டவாளம் 1000 மி.மீ. அகலப்பாதை 1676 மி.மீ. 2004இல் மீட்டர் கேஜ் ரயில் நின்றபோது அவருடைய கைக்குப் பழகிய சாமான்கள் பாதிக்கு மேல் பழைய இரும்பாகிவிட்டன என்பார். “எல்லாம் நல்ல சாமான்தான். அளவு வேற, அவ்வளவுதான்.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. எனக்குத்தான் அதைக் கேட்கும்போது எங்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறாரோ என்று ஒரு சந்தேகம் வரும்.

ஏனென்றால் எங்களுக்குள் ஒரு பெட்டி இருந்தது.

2015 டிசம்பர் 1. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. ராத்திரி அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. அப்போது எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. எதிர் வீட்டு மாடிக்குப் போக வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு நடைதான் போக முடிந்தது. முதல் நடையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது நடையில் என்னுடைய கம்ப்யூட்டர் சிபியூவைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். அப்பா வாசலில் நின்று, “டேய், டூல் பொட்டி” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்குக் கேட்டது. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது நாள் திரும்பி வந்து பார்த்தபோது பெட்டி சேற்றுக்குள் இருந்தது. ஸ்பேனர்கள், அரங்கள், அவரே கடைந்து செய்த புஷ் எடுக்கும் கருவி, எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. வெர்னியர் மட்டும் பீரோவின் மேல் தட்டில் இருந்ததால் பிழைத்தது. கட்டிலுக்கடியில் ஒரு பெயிண்ட் பக்கெட்டில் என்னுடைய சின்ன வயசு பிளாக்ஸ் இருந்தது. சிங்கப்பூரில் இருந்த பெரியப்பா வாங்கி வந்த லெகோ கொஞ்சம், ரங்கநாதன் தெருவில் வாங்கிய உள்ளூர் நகல் நிறைய. அம்மா சோப்புத் தண்ணீரில் போட்டு அலசி மொட்டை வெயிலில் காயவைத்தாள். ஒரு கட்டைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பிளாஸ்டிக் பொழச்சுக்கிச்சு” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி ஆறு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை.

விக் வைப்பரைக் கட்டுவது என் கண்டுபிடிப்பு இல்லை. உலகம் முழுக்க லெகோவில் விண்கப்பல் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நவம்பர் மாதத்தில் அவர்களில் பலர் ஒரு விக் வைப்பர் கட்டுவார்கள். ஆங்கில நவம்பரில் இருக்கும் ஒரு வி-யை இரண்டு வி-யாக எழுதி அந்த மாதத்தைக் கொண்டாடுவது வழக்கம். இந்த வழக்கத்தோடு சேர்த்து நினைக்கப்படுகிறவர் என்னென் என்ற புனைபெயரில் கட்டிக்கொண்டிருந்த அமெரிக்கர். சின்னச் சின்ன விமானங்கள், கண்ணுக்கு உறுத்தாத வண்ணங்கள், எங்கே ஒட்டியிருக்கிறது என்றே தெரியாத இணைப்புகள். 2010இல் அவர் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு நவம்பரில் கட்டப்படும் ரெட்டை மூக்குகளில் ஒரு பங்கு அவருக்கான அஞ்சலியும்தான். விதி ஒன்றும் பெரிதாகக் கிடையாது. முன்னால் இரண்டு கொம்பு, இறக்கை, வால். மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம்.

இஷ்டம் என்று சொல்வது சுலபம். தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு சாமான் சேர்ப்பது வேறு கதை. வெளிநாட்டில் இருப்பவர்கள் வேண்டிய துண்டை வேண்டிய நிறத்தில் எண்ணி வாங்குவார்கள். இங்கே பொம்மைக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது (இப்போது 70). 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வெளியிலிருந்து நூறு கிராம் உதிரித் துண்டு வரவழைப்பது துண்டின் விலையைவிட பெரிய சோதனை. அதனால் நான் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு மேடவாக்கம் குடும்பத்திடம் மூன்று கிலோ கலவையாக வாங்கினேன். அதோடு வெள்ளத்தில் பிழைத்த பக்கெட். நிறம் பொருந்தாது, அளவும் சமயத்தில் பொருந்தாது. கம்ப்யூட்டரில் இலவச மென்பொருளில் நான் வரைந்த கப்பல் வெள்ளையும் நீலமுமாகப் பளபளவென்று இருந்தது. ஹாலில் செய்தித்தாள் மேல் கட்டியது, கல்யாண வீட்டு மிச்ச சாமானில் செய்த கூட்டு மாதிரி இருந்தது.

கொம்புதான் தகராறு. முப்பது குமிழ் நீளம், அதாவது 24 செ.மீ. ஒரு முனை மட்டும் உடம்போடு சேர்ந்திருக்கும், மறுமுனை அந்தரத்தில். தட்டையான துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தேன். நேராக வைத்தால் ஒரு மணி நேரத்தில் மூக்கு தரையைப் பார்த்தது. கையில் தூக்கி ‘ஊஷ்’ என்று ஓட்டினால் நடுவில் பிளந்தது. விண்கப்பல் கட்டுகிறவர்களிடம் ஒரு எழுதாத சட்டம் உண்டு: கையில் பிடித்து ஓட்டிப் பார்க்க முடியாதது கப்பல் இல்லை.

மூன்றாவது தடவை உடைந்தபோது சோபாவிலிருந்து குரல் வந்தது.

“அது தாங்காது.”

“தெரியுதுப்பா.”

“என்ன அளவுல போட்டிருக்கான் அதை?”

எனக்கு மனப்பாடம். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6. மெல்லிய தட்டின் உயரம் 3.2, மூன்று தட்டு ஒரு கட்டை. சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல், “பீரோ மேல வெர்னியர் இருக்கும், எடு” என்றார்.

வலது கையால் வெர்னியரின் தாடையை நகர்த்த முடியவில்லை. நகர்த்தும் வேலையே கட்டைவிரலுடையதுதான். இடது கைக்கு மாற்றினார். அது வலதுகைக்காரர்களுக்காகச் செய்த கருவி, அளவு தலைகீழாகத் தெரியும். நான் வாங்கிக்கொள்ளலாமா என்று கையை நீட்டி, பிறகு எடுத்துக்கொண்டேன். கடைசியில் வெர்னியரை மடியில் படுக்கவைத்து, இடது கையால் தாடையைத் தள்ளி, வலது கையில் கட்டையை ஒரு மாதிரி அணைத்துப் பிடித்து வைத்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“எட்டுன்னா ரெண்டு குமிழுக்குப் பதினாறு வரணும். பதினஞ்சு பாயிண்ட் எட்டுதான் இருக்கு.”

“பாயிண்ட் டூ கம்மியாதான் செய்வாங்கப்பா.”

“செய்வாங்க இல்ல, செய்யணும்.” குரலில் பழைய ஷெட் வந்துவிட்டது. “பக்கத்துல பக்கத்துல பத்து வைச்சா ஒண்ணு ஒண்ண நெருக்கும். நெருக்குனா மேல ஒக்காராது. பக்கத்துல கிளியரன்ஸ் விட்டுட்டு, குமிழ்ல டைட் குடுத்திருக்கான். கெட்டிக்காரன்.”

இத்தனை வருஷம் கட்டுகிறேன், எனக்கு அது எண்ணாகத்தான் தெரியும். காரணமாகத் தெரியாது. குமிழின் விட்டம் 4.8 மி.மீ. அது மேலே உட்காரும் கட்டையின் சுவருக்கும் உள்ளே இருக்கும் குழாய்க்கும் நடுவில் கொஞ்சம் இறுக்கமாக நுழைகிறது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் இம்மியளவு விரிந்து கொடுத்து, திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கப் பார்ப்பதுதான் பிடி. கோபன்ஹேகனில் 1958 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இந்தக் குழாய்க்காகத்தான். அதனால்தான் அந்த வருஷத்துக் கட்டையும் இன்றைய கட்டையும் ஒன்றோடொன்று சேரும். இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“அம்பத்தெட்டா? இதுவரைக்கும் கேஜ் மாத்தவே இல்லையா?”

“இல்லப்பா.”

“ம்.” ரொம்ப நேரம் அந்தச் சிவப்புக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து நகல் கட்டைகள் பிடிபட ஆரம்பித்தன. ஒன்று 15.9, இன்னொன்று 15.7, ஒரு பச்சைக் கட்டையின் ஒரு முனைக்கும் மறு முனைக்குமே வித்தியாசம். “இவன் மோல்டைக் கழுவவே இல்லைடா” என்று யாரோ ஒரு முகம் தெரியாத ஆபரேட்டரைத் திட்டினார். இரண்டு டப்பா கேட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் நல்லது, தயிர் டப்பாவில் நகல். புளியங்கொட்டையை எடுக்க மறுத்த கை, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் கட்டைகளைப் பொறுக்கியது. இடையிடையே நழுவும். நழுவினால் குனிந்து அவரே எடுப்பார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் ஜாடையில், ஒன்றும் சொல்லாதே, என்றாள்.

ஒரு அற்புதமும் நடந்துவிடவில்லை. ஒற்றைக் குமிழ்த் துண்டை அவரால் கடைசிவரை எடுக்க முடியவில்லை. கோபம் வரும் நாளில் தயிர் டப்பா சுவரில் மோதும்.

கொம்புக்கான வழி அவர் சொன்னதுதான். ஒரு சாயங்காலம், கரண்ட் இல்லை, எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் தொய்ந்துபோன கொம்பைப் பார்த்துக்கொண்டே, “தண்டவாளத்தைப் படுக்கப் போட்டா ரயில் போவுமா?” என்று கேட்டார்.

“அப்படின்னா?”

“நிக்க வைடா. தட்டை ஏன் படுக்க வைக்கிற? சைடுல நிக்க வைச்சு, அஞ்சு தட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டு. ஜாயிண்டு ஒரே எடத்துல வராத மாதிரி மாத்தி மாத்தி விடு.”

குமிழ் மேலே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கும்படி கட்டுவது பெரிய கட்டுநர்கள் எல்லாரும் செய்வதுதான். நானும் இறக்கையின் மேல்பக்கத்தை வழுவழுப்பாக்க அப்படிச் செய்திருந்தேன். அழகுக்கு என்றே நினைத்திருந்தேன், பலத்துக்கு என்று தோன்றியதே இல்லை. படுத்திருக்கும் தட்டுகளில் எடை குமிழைப் பிடுங்கப் பார்க்கும். நிற்கும் தட்டுகளில் எடை தட்டின் அகலத்தின் மேல் விழுகிறது, பிடுங்க ஒன்றும் இல்லை.

“அஞ்சு எதுக்குப்பா?”

“மூணு பாயிண்ட் ரெண்டு இன்ட்டு அஞ்சு?”

பதினாறு. சரியாக இரண்டு குமிழ். பக்கவாட்டில் திருப்பிய கொம்பு, நிமிர்ந்திருக்கும் உடம்போடு ஒரு இழைகூட பிசகாமல் உட்காரும். இந்த ஐந்துக்கு இரண்டு கணக்கு கட்டுநர்களுக்கு அரிச்சுவடி. அவர் அதை வெர்னியரிலிருந்து தானாகப் போட்டிருக்கிறார், எனக்குத் தெரியாமல், எந்த ராத்திரியிலோ.

வேலை செய்துகொண்டே நான் அவருக்கு என்னென் கதையைச் சொன்னேன். முகம் பார்த்திராத ஆட்கள் வருஷா வருஷம் ஒருவருக்காகக் கட்டுகிறார்கள் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: “அவர் வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமா, இந்த மாதிரி செய்யுறாங்கன்னு?” எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “தெரிஞ்சா நல்லாருக்கும்” என்றார்.

அப்புறம், நான் கேட்காமலே, கொம்பின் நுனியைத் தடவிக்கொண்டு, “அந்தப் பொட்டி முப்பத்தஞ்சு கிலோ இருக்கும்” என்றார்.

எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை.

“தண்ணியில தூக்கிட்டுப் போயிருக்க முடியாது” என்று சேர்த்தார். அது எனக்குச் சொன்னதா, தனக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. தொண்டை அடைத்தது. என்னால் முடிந்ததெல்லாம் அடுத்த தட்டை எடுத்து அவர் கையில் கொடுப்பது. அவர் அதை வாங்கி, உள்ளங்கையால் அழுத்தினார். க்ளிக்.

தண்ணீர் இந்த முறை வாசல்படியோடு நின்றது. நவம்பர் முடிந்து மூன்று நாள் கழித்துதான் கப்பல் முடிந்தது. படம் போடும் மாதம் தாண்டிவிட்டது, நானும் போடவில்லை. இடது கொம்பு வெள்ளை, வலது கொம்பில் நடுவில் ஒரு சிவப்புத் தட்டு, வெள்ளையில் அந்த அளவு கிடைக்கவில்லை. வால் பெரியப்பா வாங்கி வந்த பெட்டியிலிருந்து. தயிர் டப்பாவிலிருந்து ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு. இரண்டு துண்டு போட்டிருக்கிறேன், அவருக்குத் தெரியாது.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே. அவரிடம் கொடுத்தேன். இடது கையில் வாங்கி, வலது கைக்கு மாற்றினார். கட்டைவிரல் சுற்றி வளைக்கவில்லை, உள்ளங்கையில்தான் இருந்தது கப்பல், ஒரு குருவியை வைத்திருப்பது மாதிரி. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கொம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

“ரைட்டு பக்கம் கொஞ்சம் பிளே இருக்கு” என்றார். “கழட்டு.”